பதினான்காம் கேள்வி

பெயர் கேட்கக் கூடாது என்றது நெறிமுறைக் குழு.
அதனால் அவர் எண்பத்தேழு.

பாயான் லெபாஸ், காலை ஏழு பத்து.
இரவு ஷிப்ட் முடிந்த நீல மேலங்கிகள்
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி
கேட்டைத் தாண்டி வருகின்றன.
என் கையில் அட்டை, அறுபது படிவம்,
காலடியில் ஒரு பெட்டி மைலோ.
நிரப்பித் தந்தால் ஒன்று.

ஆய்வு ஒரே வரிதான்:
இரவு வேலை தூக்கத்தைக் குறைக்கிறதா?
இதைக் கேட்க ஒரு பட்டமா என்று அண்ணன் சிரித்தான்.
தெரிவது வேறு, அளப்பது வேறு என்றேன்.
அந்த வேறுக்குத்தான் ஒன்றரை ஆண்டும்
பதினாறாயிரம் ரிங்கிட் கடனும்.

ஷிப்ட், சாராத மாறி.
அது மாறுவது மேலாளர் ஒட்டும் அட்டவணையில்,
யாரையும் கேட்டுக்கொண்டு அல்ல.
தூக்கம், சார்ந்த மாறி.
பெயரிலேயே இருக்கிறது அதன் பிழைப்பு.
வயது, பிள்ளைகள், குடிக்கும் கோப்பி
இவற்றைக் கட்டிப்போட வேண்டும்,
இல்லாவிட்டால் ஷிப்ட் செய்த குற்றத்தைக்
கோப்பி ஒப்புக்கொண்டுவிடும்.

இனத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்தேன்.
மூன்று ஒன்றைவிடப் பெரிதல்ல,
இவை வெறும் பெயர்கள் என்று
மென்பொருளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.
சொன்னேன். உடனே ஏற்றுக்கொண்டது.

களைப்புக்கு நான்கு கட்டம்:
இல்லை, கொஞ்சம், அதிகம், மிக அதிகம்.
ஒருவர் கொஞ்சத்துக்கும் அதிகத்துக்கும் நடுவே
கோட்டின் மேலேயே சரி போட்டார்.
அங்கே இடமில்லை அண்ணே என்றேன்.
எனக்கு அங்கதான்மா என்றார்.

பதினான்காம் கேள்வி:
கடந்த இருபத்து நான்கு மணி நேரத்தில்
எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?

எண்பத்தேழு பேனாவை நிறுத்தினார்.
"கட்டில்ல மட்டுமா, பஸ்ஸும் சேத்தா?"
"எல்லாம் சேத்து, அக்கா."
"அப்ப இவங்களுக்கெல்லாம் அஞ்சு வரும். எனக்கு மூணரைதான்."
"நீங்க வேற பஸ்ஸா?"
"அதே பஸ்தான். பாலத்துல பாக் ஹருன் கண்ண மூடிடுவாரு.
ராத்திரி ஒரு கம்பெனி, காலையில ஒரு கம்பெனி ஓட்டுறாரு.
நான் முன்சீட்டுல உக்காந்து
டுரியான் விலை, அவர் மருமகன் சண்டைன்னு
பேச்சு குடுத்துக்கிட்டே வருவேன்."
மூன்றரை என்று எழுதினார்.
மைலோவைப் பையில் போட்டுக்கொண்டார், குடிக்கவில்லை.

(பாக் ஹருன் பெயரை எழுதலாம்.
அவர் என் மாதிரியில் இல்லை.)

இருநூற்றுப் பன்னிரண்டு படிவம்.
வித்தியாசமே இல்லை என்று முதலில் நம்ப வேண்டும்,
பிறகு அந்த நம்பிக்கையை
நாமே உடைக்க முயல வேண்டும்.
உடைந்தது. நட்சத்திரக் குறி இரண்டு விழுந்தது.
அண்ணன் சொன்னது சரி என்று
தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை தெரிந்தது.

ஆனால் திரையின் மூலையில் ஒரு கொத்து.
வசிக்கும் ஊர் சுங்கை பாக்காப் என்று எழுதிய முப்பத்தொரு பேர்
மற்றவர்களைவிட ஒன்றேகால் மணி நேரம்
கூடுதலாகத் தூங்குகிறார்கள்.
நீளமான பாதை, அதே ஷிப்ட், அதே சம்பளம்.
அந்தக் கொத்துக்குக் கீழே
விழுந்த பொத்தான்போல ஒற்றைப் புள்ளி.

டாக்டர் ஊய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இடையில் ஏதோ ஒரு மாறி வேலை செய்கிறது.
கண்டுபிடி. அந்தப் புள்ளி விலகல், எடுத்துவிடு."

அந்தப் புள்ளிதான் அந்த மாறி, டாக்டர்
என்று சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.
அவர் விழிப்பு சாராதது.
முப்பது பேர் தூக்கம் அதைச் சார்ந்தது.
என் அட்டவணையில் அவர்
தப்பான பத்தியில் உட்கார்ந்திருக்கிறார்.

டாக்டர் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, "ஒரே ஆள். ஒன்றை வைத்துச் சராசரி கிடையாது" என்றார்.
அதுவும் சரிதான்.

வரம்புகள் என்ற கடைசி இயலில் எழுதினேன்:
பயண நேரத் தூக்கம் தனியே அளக்கப்படவில்லை.
அடுத்த ஆய்வுக்குக் கேள்வியைப் பிரித்தேன்.
14அ: கட்டிலில் எத்தனை மணி?
14ஆ: பஸ்ஸில்?
14இ: நீங்கள் தூங்கும்போது யார் விழித்திருக்கிறார்?

குழு மூன்றாவதை அடித்துத் திருப்பி அனுப்பியது.
பதில், அடையாளம் காட்டிவிடுமாம்.